ஒன்றரைச் சுற்று

அந்த வெள்ளைக் கார் மறுபடி தன் ஷெட்டுக்கு வரும் என்று இனாயத் கனவிலும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கனவில் அது வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டுதான் இருந்தது. பதினாலு மாதமாக. கனவில் வண்டிக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். என்ஜின் மட்டும் ஓடும், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும். திடுக்கிட்டு எழுந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாராக இருக்கும். சிக்னலில் ஏதாவது வண்டி நின்று உறுமினாலும் போதும், அவருடைய வலது கை ஸ்க்ரூடிரைவர் பிடித்த மாதிரி தானாகத் திரும்பும். நரம்புத் தளர்ச்சி, டாக்டரிடம் காட்டுங்கள் என்று மனைவி அமீனா பீ நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

இனாயத்துக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் முப்பது வருஷமாக மெக்கானிக் ஷெட். அபிராமபுரத்துச் சங்கரன் சார் பழைய வாடிக்கை. எழுபத்துநாலு வயதில் ஆட்டோமேட்டிக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் கோயிலுக்குப் போகிற மனுஷர். ஒரு நாள் வீட்டு இரும்புக் கேட்டைத் திறக்க இறங்கினார். வண்டியைக் கியரிலேயே விட்டுவிட்டு, ஹாண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினார். ஆட்டோமேட்டிக் வண்டி கியரில் இருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே முன்னால் நகரப் பார்க்கும். அடித் தாழ்ப்பாளை எடுக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து கார் ஊர்ந்து வந்து அவரைக் கேட்டோடு வைத்து அழுத்திவிட்டது.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் அந்த வண்டி இனாயத் கையில் சர்வீஸ் ஆகிப் போயிருந்தது. அவர் துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை. அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். வெட்கங்கெட்ட வேலைதான், அது அவருக்கே தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் ஓர் ஆக்டிங் டிரைவர் காரைக் கொண்டுவந்து, முகம் கேட்டைப் பார்க்க ரிவர்ஸில் நிறுத்தினான். "மாமி காலைல வருவாங்க பாய். அதுவரைக்கும் வண்டியத் தொட வேணாம்னாங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

சங்கரன் சாரின் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி ஆறரை மணிக்கே வந்தார். ஷெட்டின் பெரிய கேட் இன்னும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கத்துச் சின்னக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"இத்தனை நாள் ஆத்துலயே கிடந்தது பாய். பேட்டரி மாத்தி ஸ்டார்ட் பண்ணினா ஓன்னு கத்தறது. ஏன் கத்தறதுன்னு கண்டுபிடிங்கோ. சரிபண்ண வேண்டாம், கண்டுபிடிச்சாப் போதும். அவர் காலம்பரதானே எடுப்பார், அதான் ராத்திரி பூரா ஆறட்டும்னு விட்டேன்."

சரிபண்ண வேண்டாம் என்று எந்தக் கிராக்கியும் இனாயத்திடம் சொன்னதில்லை.

சாவியைத் திருப்பினார். என்ஜின் வேகத்தைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது. சும்மா நிற்கிற வண்டிக்கு ஆயிரமே அதிகம், ஆறிப்போன என்ஜின் என்றால் போனால் போகிறது, ஆயிரத்து இருநூறு. ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுத்துப் பார்த்தார், அது எங்கும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறடால் நசுக்கிப் பார்த்தார். ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சம் அங்கே போனால் கையைத் திருப்பிக்கொண்டார்.

நாலாவது குழாயில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. விரலால் அடைத்தார், முள் ஆயிரத்து எழுநூறுக்கு இறங்கியது, அதற்குக் கீழே வரவில்லை. குழாயில் பல் பட்ட தடம் இருந்தது. அதன் அடியில் தேங்காய் நாரும் எலிப் புழுக்கையும் கிடந்தன.

"எலி கடிச்சிகீது மாமி." தன் குரலில் எத்தனை நிம்மதி என்று அவருக்கே கேட்டது. "ஓட்டை வழியா காத்து உள்ள போய்க்கினு கீது. அதான் கத்துது."

"அன்னிக்கும் எலி கடிச்சிருந்ததா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எலிக்காக வக்கீலா வரப்போகிறான்? கடிவாய் புதுசு, வெட்டு இன்னும் கறுகறுவென்று மின்னியது. வண்டி சும்மா கிடந்த நாட்களில்தான் இது நடந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், மாமிக்குத் தெரியாது.

"இல்ல மாமி. இது இப்ப ஆனது."

குழாயை ஒரு போல்ட் வைத்து அடைத்துவிட்டு, பார்க்காமல் விட்ட இடத்துக்கு டார்ச்சைக் கொண்டுபோனார். என்ஜினுக்குக் காற்று போகும் வழியின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ, அதன் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு. எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் அமீனா பீயின் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்து மூடுவது இனாயத்தின் வழக்கம். வேறு யாராவது கை வைத்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிவப்பு உடைந்திருக்க வேண்டும், தனக்குப் பிறகு வேறு எவனாவது திருகியிருக்க வேண்டும் என்றுதான் பதினாலு மாதமாக அவர் துவா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"ஏசி போட்டா வண்டி ஆஃப் ஆயிடுதுன்னு சொன்னாரு சாரு. உள்ள ஒரு வால்வு கீது, அதைக் கழட்டிக் கழுவியிருக்கணும். அரை நாள் வேலை. நான் அதுக்குப் பதிலா இந்த ஸ்க்ரூவ ஒன்றரைச் சுத்து ஏத்தி, என்ஜின் வேகத்தக் கூட்டி வுட்டுட்டேன். மத்தியானம், என்ஜின் சூடா இருக்கசொல்ல பார்த்தேன், சரியா இருந்துச்சு. விடியக்காலைல என்ஜின் தானாவே ஜாஸ்தி ஓடும். அதோட இதுவும் சேரும்னு நான் யோசிக்கல."

இனாயத்துக்கு இனி பாதியில் நிறுத்த முடியாது என்று ஆகிவிட்டது.

"சாரு ஹாண்ட் பிரேக்க எத்தினி கிளிக் இழுப்பாரு?"

"மூணு. தோள்பட்டை வலி. நாலாவது இழுக்க மாட்டார்."

சீட்டில் உட்கார்ந்து மூன்று கிளிக் இழுத்தார். கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். ஒரு கணம் வண்டி அசையாமல் இருந்தது. அப்புறம் எறும்பு மாதிரி நகர்ந்தது, ஒரு சாண், இன்னும் ஒரு சாண். பிரேக்கை மிதித்தார்.

"அந்த ஸ்க்ரூவைத் தொடாம இருந்திருந்தா?" என்று ஜன்னலோரம் வந்து கேட்டார் மாமி.

"மூணு கிளிக்குக்கே நின்னிருக்கும். என் கைதான் மாமி." ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து இனாயத் அழுதார்.

மாமி அவரை அழவிட்டார். பிறகு, தெருவில் யாரோ வழி கேட்டதற்குச் சொல்வது போன்ற குரலில் பேசினார்.

"தெனமும் கேட்டை நான்தான் திறப்பேன். அன்னிக்கு, இந்த வயசுல இருட்டுல ஓட்ட வேண்டாம்னு சண்டை. நீங்களே திறந்துண்டு போங்கோன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் பேசலை." சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் திறந்திருந்தா?"

எல்லாம் விதி மாமி என்று சொல்லிவிடலாம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இனாயத்துக்கு வாய் வரவில்லை.

"சாரு எறங்கியிருக்க மாட்டாரு. கால் பிரேக்ல இருந்திருக்கும்."

"பதினாலு மாசமா எல்லாரும் உன் மேல தப்பில்லைன்னா. நீங்க ஒருத்தர்தான் நிஜத்தைச் சொல்றேள்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாம ரெண்டு பேர்."

சொல்லிவிட்டு, வண்டியின் முன்பக்கமாக நடந்து ஷெட்டின் பெரிய கேட்டுக்குப் போனார். வண்டிக்கு முதுகைக் காட்டி, அடித் தாழ்ப்பாளை எடுக்கக் குனிந்தார்.

"மாமி, தள்ளுங்க. நான் வந்து தொறக்கறேன்."

மாமி திரும்பவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் வரவில்லை. இனாயத்தின் கால் அடியில் என்ஜின் முட்டிக்கொண்டே இருந்தது. கியரைத் தள்ளிவிடலாம், சாவியைத் திருப்பி அணைத்துவிடலாம் என்று முப்பது வருஷ மெக்கானிக்குக்குத் தோன்றவே இல்லை. தெரிந்ததெல்லாம் அந்த வளைந்த முதுகும் தன் வலது காலும்தான். பிரேக்கைத் தரையோடு அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாள் வந்தது. மாமி இரண்டு கதவுகளையும் தெருப் பக்கம் விரியத் தள்ளினார். ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"திறந்துட்டேன். வாங்கோ" என்றார். அது இனாயத்தைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

இனாயத்துக்குப் பிரேக்கிலிருந்து கால் எழவில்லை.