கெட்டி எண்ணெய்

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து இடித்ததுபோல் ஆட்டோமேட்டிக் கார் குலுங்கியது. மெக்கானிக் கியர்பாக்ஸ் எண்ணெயைத் தட்டில் வடித்து, இரு விரலால் தொட்டு இழுத்தார். பாகுபோல நூல் விட்டது.

"யாருகிட்ட வாங்கினீங்க தம்பி?"

"அக்கா வீட்டுக்காரர்கிட்ட. ரெண்டு மாசமாச்சு. அப்ப அலுங்காம ஓடுச்சுண்ணே."

"ஓடும். உள்ள கிளட்ச் தேஞ்சு வழுக்குது. அது தெரியாம இருக்க இந்தக் கெட்டி மருந்த ஊத்துவாங்க. விக்கிற வரைக்கும் தாங்கும். இனிமே பிரிச்சுத்தான் மாத்தணும்."

"அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம்ல?"

மெக்கானிக் கையைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து அக்காவே போன் செய்தாள்.

"வண்டி எப்படிடா ஓடுது? தம்பிக்குத் தர்றோம், பாத்துக் குடுங்கன்னு நான்தான் சொன்னேன். முந்தின நாள் பூரா பானட்டுக்குள்ள தலைய விட்டு என்னவோ ஊத்திக்கிட்டே இருந்தாரு மனுஷன். எனக்குக்கூட இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணதில்ல."

அவள் குரலில் பெருமை நிறைந்திருந்தது. அவன் தட்டிலிருந்த கறுத்த எண்ணெயைப் பார்த்தான்.

"நல்லா ஓடுதுக்கா. மாமா கைப்பக்குவமாச்சே."

போனை வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் சொன்னான்: "பிரிங்கண்ணே."