முடிவு சொல்லாத விமர்சகர்

பல் டாக்டருக்குப் பழைய படமென்றால் உயிர். ஞாயிறு மதியம் ஒரே கதையைக் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்னால் வந்த கலரில் ஒன்று என்று மனைவியோடு பார்த்து, ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வார். இடைவேளை தாண்டினால் குறட்டைதான் என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும்.

அன்று மகளும் புது மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். "அந்தக் கறுப்பு வெள்ளைக்கு இது கால்தூசி பெறுமா?" என்று டாக்டர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டையும் பாத்ததில்ல மாமா. எதுல முடிவு நல்லாருக்கும்?"

இத்தனை வருஷம் கட்டிய கோட்டை மாப்பிள்ளை முன்னாலா சரிய வேண்டும்? டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிட்டா அப்புறம் படத்துல என்ன இருக்கு மாப்பிள்ளை? உங்க மாமா இதுவரைக்கும் யாருக்கும் முடிவைச் சொன்னதே இல்ல," என்றாள் அவள், சிரிக்காமல்.

"பெரிய மனசு மாமா உங்களுக்கு!"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது ஒரு கொள்கை மாப்பிள்ளை. வெட்டிப் போட்டாலும் என் வாயிலேர்ந்து வராது."

அதில் ஒரு சொட்டுப் பொய்யும் இல்லை. பிறகு, உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரியைக் கட்டிக்கொண்டவர் போல மனைவியைக் காட்டி, "வேணும்னா இவளைக் கேளுங்க!" என்றார்.