கவ்வியை எடுக்கும் நேரம்

மாரிக்கண்ணுவுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. காது நன்றாகக் கேட்டது. அது தெரிந்தும் டாக்டர் ப்ரீதா உண்மையைச் சொன்னாள்.

நான் மயக்க மருந்து டாக்டர். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரித் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நெஞ்சருகே கட்டிய திரைக்கு மேல் தெரிவதைப் பார்ப்பது என் பிழைப்பு. அன்று பேட்டை லேத் பட்டறைக்காரர் மாரிக்கண்ணுவுக்குக் குடல்வால் ஆபரேஷன். ப்ரீதா அறுவை சிகிச்சை மேல்படிப்புக்கு வந்த முதல் வாரம். நுழைவுத்தேர்வில் பெரிய ரேங்க். தலைமை சர்ஜன் எலியேசர் சார் கேட்டதற்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் வந்தது. சார் ரத்தக்குழாயைக் கவ்வியால் பிடித்துக்கொண்டு, "சரி, கெட்டும்மா" என்றார்.

கட்டினாள். கவ்வியை எடுத்ததும் முடிச்சு நழுவி ரத்தம் பீச்சியது. எதிரே நின்ற டூட்டி டாக்டர் ஸ்ரீவிஷ்ணு விரலால் அமுக்கி, வேறு கவ்வி போட்டு, தானே கட்டி முடித்தான்.

"ஹவுஸ் சர்ஜனா இருக்கையில எத்தன கெட்டிருக்க?" என்று சார் அவளைக் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

மானிட்டரில் மாரிக்கண்ணுவின் நாடி எகிறியது. யார் அது, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்று நெற்றியைத் தடவிவிட்டேன்.

ப்ரீதாவும் விஷ்ணுவும் ஒரே கல்லூரி, ஒரே வருஷம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி வருஷத்தில் அவளுடைய தியேட்டர் டூட்டியையும் அவனே பார்த்தான். அவள் லைப்ரரியில் நுழைவுத்தேர்வுக் கேள்வி வங்கியோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். யாரும் தப்பென்று நினைப்பதில்லை. சர்ஜரி சீட் வேண்டுமென்றால் சர்ஜரி தியேட்டர் பக்கமே போகக் கூடாது. இந்தக் கூத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு சீட் கிடைத்தது. விஷ்ணு இரண்டு முறை எழுதியும் கிடைக்காமல் இங்கே டூட்டி டாக்டராக இருக்கிறான்.

கை கழுவும் இடத்தில் எலியேசர் சார் ப்ரீதாவிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வியாழக்கிழமயும் நீதான் கெட்டணும். நழுவுச்சுன்னா வேற படிப்பு பாத்துக்கோ."

மத்தியானம் டாக்டர்கள் அறைக்கு டீ குடிக்கப் போனேன். ப்ரீதா நாற்காலிக் கையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விஷ்ணு, மூன்றாவது முறை எழுதுவதற்காக அவளுடைய பழைய கேள்வி வங்கியோடு இருந்தான். குடல்வால் ரத்தக்குழாய் எதன் கிளை என்று அவள் கேட்டாள். காலையில் அதைக் கட்டியவன் தப்பாகச் சொன்னான். அவள் திருத்தினாள். பிறகு அவன் அவள் கையைப் பார்த்துவிட்டு, "நூல ரெண்டு பக்கமும் சமமா இழு. நீ ஒரு பக்கந்தான் இழுக்க, அதான் வழுக்குது" என்றான். எனக்கு இருவர் மேலும் பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை நாங்குநேரியிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்குக் குடல்வால் ஆபரேஷன். அதே இடத்தில் அதே ரத்தக்குழாய், சார் கையில் கவ்வி. ப்ரீதா முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து, நூலை நறுக்கக் கொடுத்தாள். நெற்றி வியர்வை வழிந்து முகக்கவசம் ஈரமாகியிருந்தது. விஷ்ணுவின் விரல் முடிச்சுக்குப் பக்கத்தில் தயாராக நின்றது.

எலியேசர் சார் அதைப் பார்த்துவிட்டார்.

"லே, கைய எடு."

விஷ்ணு கையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தான். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். சார் கவ்வியைப் பையத் திறந்தார்.