ஏழாவதாகத் தொட்டவர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு ஓட்டையில் உதித்தது.

எங்கள் கவுண்ட்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் பழைய பிரேத விசாரணைக் காகிதங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது என் பிழைப்பு. கத்திக்குத்து, கிணறு, மின்னல், துப்பாக்கி, சாராயம். ஒவ்வொரு சாவும் மூன்றாக மடிக்கப்பட்டு, சிவப்பு நாடா கட்டப்பட்டு, நூற்றைம்பது வருடமாகத் தூங்குகிறது.

1871 ஆகஸ்ட் கட்டில் ஒரு பட்டியல் வந்தது. பத்துப் பெயர்கள். முதல் ஆறு பெயர்களுக்கு எதிரே ஒரு சின்னக் கோடு. ஏழாவது பெயரை யாரோ பேனாவால் அடித்திருக்கிறார்கள். அடித்த ஆத்திரத்தில் காகிதமே கிழிந்து ஓட்டையாகிவிட்டது. எட்டாவது பெயர் ரான்சம். எதிரே கோடு இல்லை. அதற்குப் பிறகு யாருக்குமே இல்லை.

பட்டியலின் தலைப்பு: ‘பிணத்தைத் தொட்டவர்கள்.’

2

ஆரம்ப வரி, முதல் முயற்சி: ‘வீல்’ என்ற அலறல் அந்த விடியலைக் கிழித்துக்கொண்டு

(வேண்டாம். முப்பது வருடமாக வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் எல்லா விடியலையும் அலறலால் கிழித்தாயிற்று.)

இரண்டாவது முயற்சி: சோள மில் முதலாளி சைலஸ் டாலிவர் தன் மில் குளத்தில் குப்புற மிதந்தார். அவருடைய தொப்பி அவருக்கு முன்னால், வழி காட்டுவதுபோல

(தொப்பியைப் பற்றிக் காகிதத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் அது என் கண்ணுக்குள் மிதந்துகொண்டே இருக்கிறது. இருக்கட்டும்.)

காகிதம் சொல்வது இவ்வளவுதான். சனிக்கிழமை காணாமல்போன சைலஸ் செவ்வாய்க்கிழமை கிடைத்தார். விசாரணை அதிகாரி பெக்கம் பன்னிரண்டு பேரை ஜூரிகளாகக் கூட்டி, பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டே விசாரித்தார். அப்படித்தான் வழக்கம். பிணம் கண்ணில் படாமல் விசாரணை செல்லாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சட்டப் புத்தகத்தில் இல்லாதது. கொன்றவன் கை பட்டால் பிணம் ரத்தம் சிந்தும். வெள்ளைக்காரர், கறுப்பர், பாதிரியார், குடிகாரர் எல்லோரும் நம்பிய ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

3

மில்லின் கதவைக் கழற்றி, இரண்டு பீப்பாய்கள்மேல் போட்டு, அதன்மேல் சைலஸைக் கிடத்தியிருக்கிறார்கள். உச்சி வெயில். மில் சுவர்களிலிருந்து சோள மாவுத் தூசி காற்றில் கிளம்பி, யார்மேலும் இறங்க மனமில்லாததுபோல் அலைகிறது. குளம் அசையவில்லை. வரிசை மட்டும் மெல்ல நகர்கிறது. எல்லோரும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல.

சனிக்கிழமை மில்லுக்கு வந்த எல்லோரும் தொட வேண்டும். பெக்கமின் உத்தரவு. முதலில் சைலஸின் வீட்டார். பிறகு மில் ஆட்கள். ஆறு வருடத்துக்கு முன்வரை அடிமைகளாக இருந்தவர்கள். ஆறாவதாக நிற்பவள் டெல்ஃபியா. அவளுக்குப் பின்னால் தம்பி ரான்சம்.

ரான்சமுக்குத்தான் கண்டம். சனிக்கிழமை அவனுடைய கோவேறு கழுதையை சைலஸ் இரும்புக்கம்பியால் அடித்தார். “இன்னொரு அடி விழுந்தா உன்னைத் தண்ணியில அமுக்கிடுவேன்” என்று ரான்சம் கத்தியதை மில்லே கேட்டது. ஜூரிகள் உட்கார்ந்திருந்த ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில் யாரோ ஏற்கெனவே ஒரு கயிற்றைத் தொங்கப்போட்டுவிட்டார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

“அக்கா, கழுதைக்குத் தண்ணி காட்டணும். எவ்வளவு நேரம் ஆகும்?”

“வாயை மூடுடா. அன்னைக்கு அந்த வாயை மூடியிருந்தா இன்னைக்கு இங்க நிக்க வேண்டாம்.”

“நான் ஒண்ணும் பண்ணலக்கா.”

“பண்ணலைன்னு எனக்குத் தெரியும். அந்தக் கயித்துக்குத் தெரியுமா?”

4

இங்கே ஒரு சந்தேகம். சைலஸைக் கொன்றது யார்?

எனக்குக் கொலைகாரன் வேண்டும். தொடர்கதை எழுதிய கை அப்படித்தான் கேட்கும். சைலஸின் மருமகனை முயன்றேன். பாதிரியாரைக்கூட முயன்றேன். எவரும் ஒட்டவில்லை. சாட்சிகள் எல்லோரும் சொல்வது: சைலஸ் சனிக்கிழமை சாயங்காலம் நிற்க முடியாத அளவு குடித்திருந்தார், மதகுப் பலகையில் பாசி. அவ்வளவுதான். குடித்தார், வழுக்கினார், செத்தார்.

ஆனால் பெக்கமுக்கும் கொலைகாரன் வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் வேண்டும். அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை. அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்.

5

டெல்ஃபியாவின் முறை. அவளை முதலில் அழ வைத்தேன்.

அவள் அழுதுகொண்டே தம்பியின் கையைப் பற்றி

(அவள் மறுத்துவிட்டாள். நேற்று மத்தியானம் மேஜையில் தலைசாய்த்து அசந்தபோது வந்து நின்றாள். ஈரக் கை. “இருபது வருஷமா பொணம் குளிப்பாட்டுறேன். பொணத்துக்கு முன்னாடி என்னை அழ வைக்கிறியே, உனக்கு வேலை தெரியுமா?” என்றாள். எழுதியதை அடித்துவிட்டேன்.)

இந்த ஊரில் செத்த அத்தனை பேரையும், இரு நிறத்தாரையும், குளிப்பாட்டியவள் அவள். சைலஸின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாள் தண்ணீரில் ஊறி, இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்த உடம்பு. உள்ளே கொதிக்கப்போகிற பானையின் அசைவு. அடுத்த கை கொஞ்சம் அழுத்தினால் போதும். மூக்கு வழியாக ரத்தம் வந்துவிடும்.

அடுத்த கை ரான்சமுடையது.

6

முடிவு ஒன்று: ரான்சம் தொடுகிறான். ரத்தம். கயிறு. ‘தொடரும்’.

(எழுதினேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் கிழித்தேன்.)

முடிவு இரண்டு: டெல்ஃபியா தானே அழுத்துகிறாள். ரத்தம் அவள் கையில். தம்பிக்குப் பதிலாக அவள். (பத்திரிகையில் வாசகர் கடிதம் குவியும். ஆனால் அவள் பெயருக்கு எதிரே அமைதியான ஒரு கோடு இருக்கிறதே. மேலும், ஜூரியின் தீர்ப்பு வேறு.)

முடிவு மூன்று.

டெல்ஃபியா கையை எடுத்தாள். நகரவில்லை.

“துரை, ஒரு வார்த்தை” என்றாள் பெக்கமிடம்.

“என்ன?”

“சனிக்கிழமை மில்லுக்கு வந்தவங்க எல்லாரும் தொடணும்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அதுக்கென்ன?”

“நீங்களும் வந்தீங்களே துரை. உங்க சோள மூட்டையை நான்தானே வண்டியில ஏத்தினேன். இவங்க எல்லாம் உங்க கை படுறதைப் பாத்தா மனசு ஆறும். அதான் கேட்டேன்.”

குரலில் மரியாதை ஒரு இழை குறையவில்லை. ஓக் மரத்தடியில் ஒருவர் புகையிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். ஏமஸ் என்ற ஜூரி.

“நியாயமாத்தானே கேக்குறா! என்ன பெக்கம், கை நடுங்குதா?”

“எனக்கா? உன் கோழிக்கூட்டுல நரி வந்தப்ப கட்டிலுக்கடியில போனது யாருப்பா?”

சிரிப்பு. ஆனால் பன்னிரண்டு ஜோடிக் கண்களும் அவரை விட்டு விலகவில்லை. பெக்கம் பட்டியலில் ரான்சம் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார். சட்டைக்கையை இழுத்துவிட்டார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று பலமாகவே அழுத்தினார்.

சைலஸின் மூக்கிலிருந்து இரண்டு கோடுகள் இறங்கின. முகவாய் வழியாக நெஞ்சுக்கு வழிந்து, பெக்கமின் வெள்ளைச் சட்டைக்கையில் ரத்தம் ஒரு பூப்போல் விரிந்தது.

மாவுத் தூசி அப்போதுதான் எல்லோர்மேலும் இறங்கியது.

“வெயில்” என்றார் பெக்கம். “வெயில்ல கிடந்தா எந்தப் பொணமும் இப்படித்தான். இதெல்லாம் சும்மா மூடநம்பிக்கை.”

அன்று அந்த இடத்தில் பேசப்பட்ட முதல் உண்மை. தொடுவது அதோடு நின்றது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது: ‘மதுபோதையில் கால் தவறி, நீரில் மூழ்கி.’ பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழாவது பெயர் ஓட்டையாகிவிட்டது.

7

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் இத்தனை வருடம் இருந்தவருக்குத் தெரியும், பெக்கம் போன்றவர்கள் கறைபட்ட சட்டைக்கையை மறக்கமாட்டார்கள்.

மில்லைவிட்டு அக்காவும் தம்பியும் செம்மண் பாதையில் நடக்கிறார்கள்.

“வீட்டுக்குப் போகாத. இப்படியே ஆத்தைத் தாண்டிடு.”

“கழுதை?”

“நான் பாத்துக்கிறேன்.”

“அது நீ சொன்னா கேக்காதுக்கா.”

“நீ மட்டும் கேக்குறியா?”

அவன் சிரிக்கிறான். பாதை இரண்டாகப் பிரியும் இடம் அருகில் வருகிறது. ஒன்று ஆற்றுக்கு. ஒன்று கழுதை கட்டியிருக்கும் வீட்டுக்கு.

அடுத்த கட்டு என் மேஜைமேல் இருக்கிறது. அதே வருடம், அக்டோபர். பெக்கமின் அதே கையெழுத்து. மேலட்டையில் ‘ஆண். கறுப்பர். தூக்கில் சாவு, அடையாளம் தெரியாத நபர்களால்’ என்று மட்டும். பெயர் உள்ளே இருக்கும். சிவப்பு நாடா முடிச்சு இன்னும் அவிழவில்லை. ரான்சமாக இருக்கலாம். வேறு எவனாவது ஒருவனாக இருக்கலாம். அப்படியானால் அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள்.

திங்கட்கிழமைக்குள் ஏற்ற வேண்டிய கட்டு. நான் அதை உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். நாடாவின் முனை இதோ.

பாதை பிரியும் இடத்தில் டெல்ஃபியா அவனைத் தள்ளிவிடுகிறாள். எந்தப் பக்கம் என்பதை மாவுத் தூசி மறைக்கிறது. அவள் குரல் மட்டும் கேட்கிறது.

“நடடா. திரும்பிப் பாக்காத.”

நான் பார்க்கவில்லை.