இருட்டில் கட்சி மாறிய ராஜா

காலை எட்டு மணிக்கே வார இதழ் ஆசிரியரின் போன் வந்துவிட்டது. அத்தை அதை ஸ்பீக்கரில் போட்டதால் மருமகளின் காதிலும் விழுந்தது.

"அம்மா, இந்த வாரச் சதுரங்கப் புதிர் தப்பாம். முப்பத்தெட்டு பேர் எழுதிட்டாங்க. வெள்ளை ரெண்டு நகர்வில ஜெயிக்க வழியே இல்லையாம். மத்தியானத்துக்குள்ள விளக்கம் வரலேன்னா புதிர்ப் பகுதியையே நிறுத்திடச் சொல்றார் முதலாளி."

இருபத்திரண்டு வருடமாக அந்த வார இதழுக்குப் புதிர் போடுகிறவள் அத்தை. இதுவரை ஒன்றுகூடப் பிசகியதில்லை. விறுவிறுவென்று சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினாள்.

"குதிரை இங்க, ராணி அங்க. முடிஞ்சது கதை. முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே நாள்ல கண்ணு மங்கிடுச்சா?"

"என் கைவரிசையா இருக்கும் அத்தை," என்றாள் மருமகள்.

இதழின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். போன வாரம் வரை பலகையைப் படமாகப் போட்டார்கள். ராஜா, ராணி, சிப்பாய் எல்லாவற்றுக்கும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடு இருக்கிறது, எழுத்து மாதிரியே அடிக்கலாம், பக்கம் சட்டென்று திறக்கும் என்று மாற்றி வைத்தவள் அவள்தான். லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

தலையைத் துவட்டியபடி வந்த கணவன் தன் போனில் புதிரைத் திறந்தான்.

"வெள்ளை ராஜா மூலையில மாட்டிக்கிட்டுத் தவிக்கிறாரு. அவரு எங்கம்மா ஜெயிக்கிறது?"

"மூலையில இருக்கிறது கறுப்புடா, மண்டு."

"நீயே பாரு."

மருமகள் போனை வெடுக்கென்று பிடுங்கினாள். டார்க் மோட் போட்ட கறுப்புத் திரை. அதில் எழுத்தெல்லாம் வெள்ளை. விஷயம் பிடிபட்டது. வெள்ளைக் காயின் குறியீடு வெறும் கோடு, உள்ளே காலி. கறுப்புக் காய் முழுக்க நிரம்பியது. வெளிச்சத் திரையில் அது சரி. இருட்டுத் திரையில் நிரம்பிய ராஜா வெள்ளை வெளேரென்று ஆகிவிட, காலி ராஜா கறுத்துப்போகிறார்.

"ராவோட ராவா கட்சி மாறிட்டாங்களா?" என்றாள் அத்தை.

"மொத்தக் கூட்டணியும் அத்தை."

மருமகள் வெள்ளை, கறுப்பு இரண்டுக்கும் நிரம்பிய வடிவத்தையே போட்டு, காய்க்கும் கட்டத்துக்கும் நிறத்தைத் தானே எழுதிக் கொடுத்தாள். அப்படியும் போனில் சிப்பாய்கள் மட்டும் இமோஜி பொம்மைப் படமாக உப்பித் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால், எழுத்தாகவே காட்டு என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைச் சேர்த்தாள். உப்பல் வடிந்தது. பத்தரைக்கு விளக்கம் போய்ச் சேர்ந்தது. பகுதி தொடரும் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

அத்தை வந்திருந்த கடிதங்களைப் படிக்க உட்கார்ந்தாள். ஒன்றில் கை நின்றது. எழுதியவர் வாராவாரம் குற்றம் கண்டுபிடிக்கும் வாசகர். அத்தை அவருக்கு வைத்த பெயர் கொசு. 'இரண்டில் முடியாது, நான்கில் முடியும்' என்று நகர்வுகளையும் எழுதியிருந்தார்.

அத்தை அவர் திரையில் தெரிந்தபடியே காய்களின் நிறத்தை மாற்றி அடுக்கி, அதன்படி நகர்த்திப் பார்த்தாள். முதலிலிருந்து இன்னொரு முறையும் நகர்த்தினாள்.

"சரியாத்தான் இருக்கு. எனக்கே தோணல," என்றாள் கடைசியில். "அடுத்த வாரம் இதையே போடு."

"யார் பேர்ல அத்தை?"

"அவர் பேர்லதான். கொசுன்னு போட்டுத் தொலைக்காதே."