குறை சொல்லி வாங்குகிறவன்

என் தம்பியைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பாதிவிலை' என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். பழைய மேஜை, நாற்காலி, அலமாரி வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவன். வாங்கப் போன இடத்தில் எந்தச் சாமான் பிடித்துப்போகிறதோ அதன் பக்கமே திரும்பமாட்டான். திரும்பித்தான் ஆகவேண்டும் என்று வந்தால், அதில் குறை சொல்ல ஆரம்பிப்பான். கால் ஆடுகிறது, கரையான் தொட்டிருக்கிறது, பலகை மூன்றாந்தரம் என்று வாய் ஓயாது. ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறும் என்பது அவன் வேதம். எதை அதிகமாகத் திட்டுகிறானோ அதுதான் அவனுக்குப் பிடித்தது என்று கூடப் பிறந்த நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிப்பட்டவன் தன் மகளிடம், "என்னோடு வந்து இரு" என்று கேட்கவேண்டியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஊர் சுற்றக் கிளம்பியதே அதற்காகத்தான்.

அவனும் அவன் மனைவியும் பிரிந்து பல வருஷம் ஆகிறது. பெண் அம்மாவிடம் வளர்ந்தாள். அம்மா நர்ஸ். கடல் தாண்டி ஒரு தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. "நீ என்னோட வர்றியா, அப்பாவோட இருக்கியா, நீயே முடிவு பண்ணு" என்று மகளிடம் விட்டுவிட்டாள். தம்பி மனைவி நல்ல பெண், அவளைப் பற்றி ஒரு சொல் தாழ்வாகச் சொல்லமாட்டேன். பதினாறு வயது மகள், அப்பாவோடும் அத்தையோடும் ஒருமுறை வெளியூர் போய்வந்து சொல்கிறேன் என்றாள்.

தம்பி அதற்கு முன்பே கடைக்கு மேலிருந்த அறையைக் காலி செய்துவிட்டான். உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடந்த இடம். சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்தான். நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்த எழுத்துமேஜையை இழைத்து மெருகேற்றி ஜன்னலோரம் போட்டான். திரை தைத்தது நான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு தேய்க்கிறவளுக்குத் திரை தைக்கவா தெரியாது?

"அவகிட்ட சொல்லிடாதே" என்றான்.

"ஏன்டா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"அழுது பாத்தாச்சுக்கா. அவ அம்மா போனப்போ வாசல்ல நின்னு அழுதேன். நின்னாளா? அவளா வரட்டும்."

நான் திரையை மாட்டப் போனேன்.

பயணத் திட்டம் முழுக்க என்னுடையது. சிக்கனமாக ஊர் சுற்றுவதில் எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொள்வேன். காட்சிக் கோபுரத்தின் உச்சிக்குப் போகச் சொத்தையே எழுதிக் கேட்பார்கள். பக்கத்திலேயே பலமாடிக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. லிஃப்டில் மேலே போனால் அதே ஊர், அதே ஆறு, சல்லிக்காசு கிடையாது. சுற்றுலாப் படகில் ஏறினால் ஒரு பாட்டும் ஒரு பானமும் கொடுத்துப் பையைக் காலி செய்வார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் படகில் பஸ் டிக்கெட்டே செல்லும். அருங்காட்சியகம் புதன் காலை இலவசம். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தங்கியது ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மலிவு விடுதி. மூன்று கட்டில், ஒரு ஜன்னல், குளியலறை நடையின் கோடியில். காலையில் வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. ஆனாலும் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் நின்றபோது பெண் சிரித்தாள். "அத்தை, கோபுரத்துல இருந்து பாத்தா கோபுரம் தெரியாது. இங்க அதுவும் சேந்து தெரியுது!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி மட்டும், "என்னத்த ஊரு. ஒரே புகை. சாக்கடைக்கு ஆறுன்னு பேரு" என்றான். அவனுக்கு ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, "போலாமாப்பா?" என்றாள்.

அருங்காட்சியகத்திலும் அதே கதைதான். ஒரு ராஜா உட்கார்ந்த ஆசனத்தைப் பார்த்து, "மூட்டு சரியில்ல" என்றான். காவலாளி முறைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மத்தியானம் மேம்பாலத்துக்குக் கீழே பழைய சாமான் சந்தை. பிளாஸ்டிக் விரிப்பில் கடிகாரம், கேமரா, பீங்கான் தட்டு, ஒற்றைச் செருப்புகூட இருந்தது. பெண் ஒரு மேஜை விளக்கை எடுத்தாள். பச்சைக் கண்ணாடி மூடி, வளைந்த கழுத்து. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படிக்கிற மேஜைல வச்சா நல்லா இருக்கும்ல?" என்றாள். சொல்லும்போது அவள் பார்த்தது என்னை இல்லை, அப்பாவை.

எந்த மேஜை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் 'பாதிவிலை'க்கு விளக்கு கண்ணில் பட்டதுமே தொழில்புத்தி வந்துவிட்டது. விளக்கை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தான்.

"என்னய்யா இது? பித்தளைன்னு சொல்லாதே, தகரத்துல முலாம். ஒயர் வெடிச்சிருக்கு. கழுத்து ஒட்டு போட்டது. குப்பைல போற சாமான். இத யாரு வீட்டுல வைப்பா?"

கடைக்காரரும் சளைத்தவர் இல்லை. "அப்புறம் எதுக்கு சார் கைல வச்சிருக்கீங்க?" என்றார். பேரம் நடந்தது. தம்பி கீழே வைத்துவிட்டு நடந்தான். எங்களையும் நடக்க வைத்தான். அவர் கூப்பிட்டார். திரும்பி வந்தான். கடைசியில் சொன்னதில் பாதிக்கு முடித்து, ஜெயித்த முகத்தோடு மகளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"வேணாம்ப்பா."

"ஏன்? நீதானே எடுத்தே?"

"இவ்வளவு குறை சொன்னீங்களே. எனக்கே இப்ப பிடிக்கல."

"அடி, அது விலைக்காகச் சொன்னதுடி!"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

விளக்கு என் பைக்குள் போயிற்று.

சாயங்காலம் படகில் ஏறினோம். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்த பெண், அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா, கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கும்ல? அதுல இப்ப என்ன இருக்கு?"

அவன் சொல்லமாட்டான் என்று தெரியும். நானே வாயைத் திறந்துவிட்டேன். "எல்லாத்தையும் காலி பண்ணிட்டான் கண்ணு. பெயிண்ட்கூட அடிச்சாச்சு!"

அவள் சட்டென்று திரும்பினாள். "அப்படியாப்பா? யாருக்கு?"

உனக்கு. நான்கு எழுத்து. சொல்லவேண்டியது அவ்வளவுதான். அவன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான்.

"வாடகைக்கு விடலாம்னு. சும்மாதானே கிடக்குது."

"டேய்!" என்றேன்.

அவன் நிறுத்தவில்லை. வாங்கப் போன இடத்தில் சாமானைத் தட்டிப் பார்க்கிற அதே குரல். "ஆனா யாரு வருவா? சின்ன ரூம். கீழ ரம்பம் போடுற சத்தம். மத்தியானம் வெயில் நேரா அடிக்கும். படிக்கட்டு வேற செங்குத்து. நல்ல ரூம்னு சொல்லிக்க முடியாது."

என் கணக்குப்படி உலகத்திலேயே அவனுக்கு மிகப் பிடித்த அறை அதுதான். அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? பெண் தலையை ஆட்டினாள். "விடுங்கப்பா. உங்களுக்கும் மாசாமாசம் கொஞ்சம் காசு வரும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடுதிக்கு வந்ததும் குளியலறை வாசலில் அவளைப் பிடித்தேன். "உனக்காகத்தான்டி பெயிண்ட் அடிச்சான். திரை நான்தான் தச்சேன். அவன் சொல்றத நம்பாதே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையா இருந்தா அப்பாவே சொல்லியிருப்பாரே அத்தை. நான்தான் வாய்விட்டுக் கேட்டேனே. நீங்க எனக்காகப் பாவம் பாத்துச் சொல்றீங்க."

அந்தப் பிடியில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

தம்பியைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றான். பிறகு பார்த்தால் அவன் கண் மின்னுகிறது! "அவளே கேட்டா பாத்தியாக்கா? ரூமைப் பத்தி அவளே கேட்டா! மனசுல இருக்கு. நாளைக்கு இன்னொரு தரம் கேப்பா. அப்ப சொல்லிடறேன்."

"கேக்கலேன்னா?"

"கேப்பா."

மறுநாள் அவளை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில், அவள் கேட்பாள் என்று அவன் காத்திருந்ததை நான் பார்த்தேன். அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கினான், வாழைப்பழம் வாங்கினான். பேரமே பேசவில்லை. மீதிச் சில்லறையைக்கூட எண்ணவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவன் முதுகில் குத்தி, "கேளுடா, பாவி" என்றேன். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். வாய் திறந்தது.

"காத்து அடிக்கும். சாத்திக்கோ" என்றான்.

அவள் சாத்திக்கொண்டாள்.

வாரம் திரும்புவதற்குள் அவள் அம்மா எனக்குப் போன் செய்தாள். பெண்ணுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. "நான் வற்புறுத்தவே இல்ல அண்ணி. 'அப்பாவுக்கு என்னால சிரமம் வேணாம்'னு சொல்றா" என்றாள். அதைத் தம்பியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பலகை இழைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. இழைத்த இடத்தையே இழைத்து இழைத்து அந்தப் பலகையை வீணாக்கினான். முப்பது வருஷத் தொழிலில் அவன் வீணாக்கி நான் பார்த்ததில்லை.

கிளம்புகிற அன்று விமான நிலையத்திலிருந்து அவள் கூப்பிட்டாள். எனக்குத்தான் வந்தது. அப்போது நான் கடையில் இருந்தேன். ஒலிபெருக்கியைப் போட்டு அவன் முன்னால் பிடித்தேன். சாப்பிட்டாயா, உடம்பைப் பார்த்துக்கொள், சட்டை போதுமா என்று எல்லாம் ஆனது. இப்போதாவது சொல்லித் தொலையேன்டா என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் அழுதுகொண்டிருந்தான். சத்தமே இல்லாமல், மூக்கைக்கூட உறிஞ்சாமல்.

"அப்பா, அந்த ரூமுக்கு யாராவது வந்தாங்களா?"

"இல்லம்மா" என்றான். குரல் உடையாமல் இருக்க அவன் பட்ட பாட்டை நான் மட்டும்தான் பார்த்தேன். "இன்னும் யாரும் வரல."

"வருவாங்கப்பா, கவலைப்படாதீங்க" என்றாள் குழந்தை. "வாடகையக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிப் பாருங்க."

"சரிம்மா" என்றான் என் தம்பி.