தலையணை உறைக்குள் மூன்று மாத்திரை

என் மனைவி இருபத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஆள் முகத்தை நம்ப மாட்டாள். கையில் இருப்பதைக் காட்டச் சொல்வாள். எனக்கு இதயத்தில் புது வால்வு வைத்த டாக்டர், ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதி, "யார் சொன்னாலும் ஒருநாள்கூட விட்டுடாதீங்கம்மா" என்று அவளிடம்தான் சொன்னார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் ஒரு கொசு என்னைக் கடித்துத் தொலைத்தது. டெங்கு. மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கை. ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்க, காய்ச்சல் டாக்டர் அந்த மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தினார். இப்போது அதைத் தின்றால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியுமாம். வால்வு டாக்டரிடமும் போனில் கேட்டுவிட்டாராம். போனில் கேட்டதெல்லாம் செல்லாது, அவரே நேரில் வந்து சொல்லட்டும் என்றாள் என் மகராசி. அவரோ வெளியூரில் இருந்தார்.

அன்று மாலை நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆறு வாரமாகச் சரியாகத் தூங்காதவள். அவளிடம் வாதாடி ஜெயித்த சரித்திரம் எனக்குக் கிடையாது. வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்தேன். அவள் டம்ளர் கழுவப் போனதும் தலையணை உறைக்குள் தள்ளிவிட்டேன். தின்றால் ரத்தம் கசியும், தின்னாவிட்டால் வால்வு அடைக்கும். எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? மூன்று மாலையும் இதே நாடகம்.

நான்காம் நாள் காலை வால்வு டாக்டர் வந்து நின்ற நேரம் பார்த்து, நர்ஸ் உறையை உதறினாள். பாதி கரைந்த மூன்று மாத்திரைகள் அவர் செருப்பருகே விழுந்தன.

விஷயம் வெளியே வந்ததும் டாக்டர் மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உள்ள போயிருந்தா ஆள் மிஞ்சியிருக்க மாட்டாரும்மா."

என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். எனக்கு மனசு தாங்கவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம் நான்.

"அழாத. இது எனக்கென்ன புதுசா? நீ குடுத்த சத்து மாத்திரைய எல்லாம் வருஷக்கணக்கா இப்படித்தானே ஒதுக்கினேன்."

தேம்பல் டக்கென்று நின்றது. டிக்கெட் இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

தட்டணுக்கள் ஏறின, மாத்திரை மறுபடி வந்தது. இப்போது தினமும் மாலை கையில் டார்ச்சோடு வருகிறாள். வாயைத் திற, நாக்கைத் தூக்கு, அந்தக் கன்னத்தைக் காட்டு என்று ஒரு மூலைகூட விடுவதில்லை. எல்லாம் சரி என்று டார்ச்சை அணைத்த பிறகும், என் தாடையைப் பிடித்த கையை மட்டும் எடுக்க மறந்துவிடுகிறாள்.